தம்பு செட்டி தெரு வக்கீல் ஆபீஸ்: செக் நோட்டீஸுக்காகப் போன அனுபவம்

சென்னை காசிமேட்டில் வலை, கயிறு, மிதவை விற்கும் கடை என்னுடையது. கடனுக்குச் சரக்கு எடுத்த ஒரு விசைப்படகுக்காரர் கொடுத்த 1,85,000 ரூபாய் செக், கணக்கில் பணமில்லை என்று திரும்பிவிட்டது. பேங்கிலிருந்து அந்தத் தகவல் வந்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். செக் தேதியிலிருந்து மூன்று மாதம் முடிந்துவிட்டதால் மறுபடி பேங்கில் போடவும் வழியில்லை. இந்த ஒரு நோட்டீஸை விட்டால் செக் கேஸே இல்லை.

முதலில் போனது வேறு ஒரு வக்கீலிடம். 2,500 ரூபாய் வாங்கிக்கொண்டு 19 நாள் இழுத்தார். ஒருநாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் நாலு பக்க நோட்டீஸ் டிராஃப்ட் வந்தது. எனக்கு இங்கிலீஷ் வராது, மகன்தான் படித்துச் சொன்னான். தொகை 2,10,500 என்று இருந்தது. போன் போட்டுக் கேட்டேன். "வட்டி சேர்த்திருக்கும்மா, ஏஐ போட்டது, சரியாத்தான் இருக்கும்" என்றார். சேர்த்திருக்கேன் என்று சொல்லவில்லை, சேர்த்திருக்கும் என்றார். வட்டியைப் பற்றி நான் அவரிடம் பேசியதே கிடையாது. அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பக்கத்து ஐஸ் கடைக்காரர் சொல்லித்தான் தம்பு செட்டி தெருவில் இருக்கும் இந்த ஆபீஸுக்குப் போனேன். இரண்டாவது மாடி, செங்குத்தான படி, முட்டிவலிக்காரர்களுக்குக் கஷ்டம். உட்கார இரண்டே நாற்காலி. கோர்ட் நேரத்தில் போனும் எடுக்க மாட்டார்கள். இதெல்லாம் குறைதான்.

ஆனால் அந்த வக்கீல் மேடம் வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். டிராஃப்ட், செக், அது திரும்பியதற்கு பேங்க் கொடுத்த மெமோ, என் பில் புக் நாலையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, பென்சிலோடு வரி வரியாகப் படித்தார். தொகை வந்த இடத்தில் நிறுத்திவிட்டார். நோட்டீஸில் கேட்கும் தொகை செக்கில் உள்ள தொகையாகவே இருக்க வேண்டும், மாறினால் நோட்டீஸே செல்லாது, டைப்பிங் தவறு என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது என்று 2025 செப்டம்பரில்தான் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறதாம். வட்டி கேட்பதானால் தனியாகப் பிரித்துக் காட்ட வேண்டுமாம்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பெயர், வருஷம், பக்க எண்ணோடு போட்டிருந்தது. மேடம் கோர்ட் இணையதளத்தில் தேடினார், அலமாரியிலிருந்து தீர்ப்புத் தொகுப்பை எடுத்தும் பார்த்தார். அந்தப் பக்கத்தில் வேறு ஏதோ கேஸ் இருந்தது. "அப்படி ஒரு தீர்ப்பே இல்லக்கா" என்றார். 2023-ல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள் இதே மாதிரி சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளைக் கோர்ட்டில் கொடுத்து, 5,000 டாலர் அபராதம் கட்டிய கதையையும் சொன்னார். ஏஐ-யைத் தொட்டதே தப்பு என்று அந்த நீதிபதி சொல்லவில்லையாம். சரிபார்க்க வேண்டியது வக்கீலின் கடமை என்றாராம்.

நேராகவே கேட்டேன், நீங்களும் ஏஐ வைத்துத்தான் எழுதுகிறீர்களா என்று. "ஆமாக்கா, இங்கிலீஷைச் சீர்பண்ண வச்சுக்குவேன். உங்க பேரு, செக் நம்பர், அக்கவுண்ட் நம்பர் எதையும் அதுல போட மாட்டேன். கையெழுத்து என்னுது. தப்பு இருந்தா நீங்க என்னைத்தான் கேக்கணும்" என்றார். மனசு லேசானது அந்த இடத்தில்தான். நீங்கள் எந்த வக்கீலிடம் போனாலும் இதைக் கேளுங்கள், தீர்ப்பை எதில் சரிபார்த்தார் என்பதையும் கேளுங்கள். கேட்க நமக்கு உரிமை உண்டு.

புது நோட்டீஸ் ஒன்றரைப் பக்கம்தான். தீர்ப்பு எதுவும் இல்லை. ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். 26-ஆம் நாள் ஸ்பீட் போஸ்ட்டில் போனது, ரசீதை உடனே எனக்கு அனுப்பினார். ஃபீஸ் 4,000, அதற்கும் ரசீது கொடுத்தார்.

நோட்டீஸ் கையில் கிடைத்த 15 நாளுக்குள் படகுக்காரர் பணம் கட்ட வேண்டும். 11-ஆம் நாள் அவர் 1,00,000 ரூபாயோடு கடைக்கு வந்தார், மீதிக்கு அடுத்த வாரம் என்றார். மேடத்திடம் சொன்னேன். வாங்கியதற்கு எழுதிக் கொடுங்கள் என்றார். 15 நாள் முடிந்தும் மீதி வராவிட்டால், அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் போட வேண்டுமாம். அந்தக் கடைசித் தேதியைத் தன் டைரியில் குறித்துக்கொண்டு, என் பில் புக்கின் அட்டையிலும் எழுதிக் கொடுத்தார்.