ஸ்டுடியோவா, சர்டிபிகேட்டா, சாதகமா? இசைக் கல்லூரி ஆடிஷனுக்குப் பணத்தை எதில் போடுவது

பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு பெரம்பூர், ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கத்துப் பெற்றோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சார், நல்ல ஸ்டுடியோவா பாத்து ஒரு ரெக்கார்டிங் பண்ணிடலாமா?" கையில் இருப்பதோ கொஞ்சம் பணம். அதற்கு மூன்று செலவுகள் போட்டி போடுகின்றன. ஒன்று ஸ்டுடியோ டெமோ. அடுத்தது லண்டன் கிரேடு சர்டிபிகேட். மூன்றாவது சாதகம்: வாத்தியாரிடம் கூடுதல் வகுப்பு எடுத்துக்கொண்டு, முன்பின் தெரியாதவர்கள் எதிரில் உட்கார்ந்து பாடியும் வாசித்தும் பழகுவது. கீபோர்டும் தியரியும் சொல்லித் தருகிறவன் என்ற முறையில் என் ஓட்டு மூன்றாவதற்குத்தான். மற்ற இரண்டும் சிலருக்கு மட்டும் தேவைப்படும். அந்தச் சிலர் யார் என்று தெரியாமல் செலவு செய்தால் கையைக் கடிக்கும்.

எந்த வாசலைத் தட்டப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரி 1949இல் மத்திய கர்நாடக இசைக் கல்லூரியாகத் தொடங்கியது. முசிறி சுப்பிரமணிய ஐயர்தான் அதன் முதல் முதல்வர். 1936இல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்ரா திருவான்மியூரில் இருக்கிறது. இந்த மாதிரி இடங்களில் ஆளை நேரில் உட்காரவைத்துக் கேட்பதுதான் வழக்கம். சுருதிப் பெட்டி ஓடும், ச-ப-ச பிடிக்கச் சொல்வார்கள். தொடக்கப் பாடமான சரளி வரிசையை மூன்று வேகத்தில் கேட்கலாம், தாளப் பயிற்சியான அலங்காரத்தைத் தாளம் போட்டுப் பாடச் சொல்லலாம், வர்ணம் என்ற பாட்டு உருப்படியைப் பாதியில் நிறுத்தி "அனுபல்லவியிலிருந்து பாடு" என்றும் சொல்லலாம். இங்கே பென் டிரைவில் டெமோ கொண்டுபோய் என்ன செய்வது?

ஏ.ஆர். ரஹ்மான் 2008இல் தொடங்கிய கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி வேறு ரகம். மேற்கத்திய செவ்வியல் இசை, இந்துஸ்தானி, இசைத் தொழில்நுட்பம் என்று அங்கே பாதைகள் பிரிகின்றன. பாதைக்குத் தகுந்தபடி தயாரிப்பும் மாற வேண்டும். பாஸ்டனில் இருக்கும் பெர்க்லீ போன்ற இடங்களில் தயார் செய்த உருப்படியைத் தவிர, அங்கேயே கற்பனையாக வாசிக்கவும், புதிதாகக் கொடுத்த நொட்டேஷனைப் பார்த்து வாசிக்கவும், அவர்கள் வாசித்ததைக் காதால் கேட்டுத் திருப்பி வாசிக்கவும் சொல்வார்கள். பிரிட்டன் கன்சர்வேட்டரிகளுக்கு இசைப் படிப்புக்கான பொது விண்ணப்பம் முந்தைய ஆண்டு அக்டோபர் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு லண்டனைப் பற்றி விசாரிக்கிறவர்களுக்கு அந்த வருடம் போனது போனதுதான்.

ஸ்டுடியோவில் வரி வரியாகப் பாடவைத்து, பிசகிய இடங்களில் பிட்சைத் திருத்தி, ரிவெர்ப் என்ற எதிரொலியும் பூசிக் கொடுப்பார்கள். கேட்க ஜோராகத்தான் இருக்கும். ஆனால் தேர்வுக் குழுவில் இருப்பவர் அந்த வேலையைத் தினம் பார்ப்பவர். திருத்திய குரலை வைத்து உண்மையான குரலை அவர் எடைபோட முடியாது. கல்யாண மேக்கப் போட்ட போட்டோவைப் பாஸ்போர்ட்டுக்குக் கொடுப்பது மாதிரிதான் இது. பல இசைக் கல்லூரிகள் வெட்டாமல் ஒட்டாமல் ஒரே மூச்சில் எடுத்த வீடியோவைக் கேட்பதும், முகமும் கையும் தெரிய வேண்டும் என்று எழுதுவதும் இதனால்தான்.

அப்படியென்றால் போன் போதுமா? போதும், ஆனால் நம் பக்கத்தில் போனில் எடுப்பது லேசான காரியம் இல்லை. எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய வீடு என்றால் கன்டெய்னர் லாரி ராத்திரியிலும் ஓயாது. வியாசர்பாடி ஜீவா பக்கம் என்றால் ரயில். சர்ச் ஹாலில் எடுக்கலாம் என்று சிலர் போவார்கள். அங்கே சத்தம் இருக்காது, ஆனால் டைல்ஸ் தரையும் உயர்ந்த கூரையும் சேர்ந்து ஒவ்வொரு சுரத்தையும் அடுத்த சுரத்தின் மேல் ஏற்றிவிடும். துணி அடைத்த பீரோவும் மெத்தையும் இருக்கிற சின்ன படுக்கையறைதான் நல்லது. ஃபேனை நிறுத்திவிட வேண்டும், போனை ஏரோபிளேன் மோடில் போட வேண்டும். ஐந்தாறு அடி தள்ளி, படுக்கை வாக்கில் ஸ்டாண்டில் நிறுத்தி, உச்ச ஸ்தாயியில் வரும் சத்தமான வரியை முதலில் பாடிச் சோதிக்க வேண்டும். போன் தானாகவே ஒலி அளவை ஏற்றி இறக்கும். சன்னமாகப் பாடும் இடத்தில் தெருச் சத்தம் மேலே வரும், ஓங்கிப் பாடும் இடம் நசுங்கும். தள்ளி நின்று பாடினால் நசுங்குவது குறையும்.

இன்னொன்று ப்ளூடூத். கீபோர்டு வாசிக்கும் பையன் ஒருவன் பேக்கிங் டிராக்கைக் காதில் ப்ளூடூத் இயர்பட்ஸ் மாட்டிக் கேட்டுக்கொண்டே வாசித்து, பிறகு அதே டிராக்கை வீடியோவில் ஒட்டி எனக்கு அனுப்பினான். விரல் சுத்தம், சுரம் சுத்தம், ஆனால் பாட்டு முழுக்க ஒரு இழை பின்னால் இழுத்தது. "மாஸ்டர், நான் கரெக்டாத்தான் வாசிச்சேன்" என்று சத்தியம் பண்ணினான். உண்மைதான். ப்ளூடூத்தில் ஒலி காதுக்கு வந்து சேரவே தாமதமாகும். அவன் அந்தத் தாமதத்தோடு சேர்ந்து வாசித்திருக்கிறான். டிராக்கை வயர் போட்ட ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அறைக்குள் கேட்கும் ஒலியை அப்படியே ஒரே வீடியோவில் எடுத்ததும் தாளம் உட்கார்ந்துவிட்டது. ஸ்டுடியோ வாடகை மிச்சம்.

ஸ்டுடியோவுக்குச் செலவு செய்ய வேண்டியவர்களும் உண்டு: இசைத் தொழில்நுட்பம், இசையமைப்பு, ஒலிப்பதிவு படிக்கப் போகிறவர்கள். அவர்களின் போர்ட்ஃபோலியோவில் ஒலிதான் சரக்கு. அங்கேயும் பத்து டிராக் அனுப்புவதை விட ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று போதும். ஒவ்வொன்றின் முதல் அரை நிமிடத்தில் விஷயம் வந்துவிட வேண்டும்; முழுதாகக் கேட்பார்கள் என்று நம்பி மெதுவாக ஆரம்பிக்கக் கூடாது. எது நீங்கள் செய்தது, எது ரெடிமேட் லூப், எந்த கிடார் நண்பன் வாசித்தது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். பேட்டியில் அதைத்தான் நோண்டுவார்கள். அனுப்பும் லிங்க் யார் திறந்தாலும் திறக்கிறதா என்று வேறு ஒருவர் போனில் பார்த்துவிடுங்கள். 'அனுமதி இல்லை' என்று வரும் லிங்க்கைத் துரத்திக்கொண்டு எந்தக் கல்லூரியும் வராது.

கிரேடு விஷயத்துக்கு வருவோம். சர்ச்சில் கீபோர்டு, வயலின் வாசிக்கும் குடும்பங்களில் இதற்கு மவுசு அதிகம். லண்டன் கிரேடு பரீட்சை நடத்தும் இரண்டு அமைப்புகளில் டிரினிட்டியா, ஏபிஆர்எஸ்எம்மா என்று வீட்டுக்கு வீடு விவாதம் நடக்கும். இரண்டிலும் எட்டு கிரேடு. டிரினிட்டியில் 100க்கு 60 எடுத்தால் பாஸ், 87 எடுத்தால் டிஸ்டிங்ஷன். ஏபிஆர்எஸ்எம்மில் 150க்கு 100 பாஸ், 130 டிஸ்டிங்ஷன். ஏபிஆர்எஸ்எம்மில் ஆறாம் கிரேடு எழுத ஐந்தாம் கிரேடு தியரி அல்லது அதற்கு ஈடான ஒன்றை முடித்திருக்க வேண்டும். டிரினிட்டியில் அந்தக் கட்டாயம் இல்லை. அவசரத்தில் இருப்பவர் டிரினிட்டிக்கு ஓடுவது இதனால்தான். ஆனால் மேற்கத்திய இசையைப் பாடமாகவே எடுக்கப் போகிற பிள்ளைக்கு அந்தத் தியரி எப்படியும் வேண்டும். நான் அங்கே ஏபிஆர்எஸ்எம் பக்கம்தான்.

2020இல் ஏபிஆர்எஸ்எம் பெர்ஃபார்மன்ஸ் கிரேடு என்று ஒன்றைக் கொண்டுவந்தது. வீட்டிலிருந்தே நான்கு உருப்படிகளைத் தொடர்ச்சியாக வாசித்துப் பதிவு செய்து அனுப்பினால் போதும். ஸ்கேல் என்ற சுர வரிசை கிடையாது, பார்த்து வாசிப்பது கிடையாது, காதுப் பரீட்சையும் கிடையாது. சர்டிபிகேட் சுலபமாகக் கைக்கு வரும். ஆனால் ஆடிஷனில் எதைக் கேட்பார்களோ அது மொத்தமும் இதில் விட்டுப்போகிறது. நான்கு உருப்படியை ஆறு மாதம் உருப்போட்டு உயர்ந்த கிரேடு வாங்கிய பிள்ளை, குழுவின் முன் எட்டு பார் நொட்டேஷனை வைத்ததும் தடுமாறுவதை நிறையப் பார்த்தாயிற்று. கர்நாடக இசைப் பக்கம் போகிறவர்களுக்கு இந்தச் செலவே வேண்டாம். பிரிட்டன் போகிறவர்களுக்கு ஆறு முதல் எட்டு வரையிலான கிரேடுகளுக்குப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் புள்ளிகள் உண்டு, அதனால் லாபம்தான். அவர்களும் பழைய முறைப் பரீட்சையாகவே எழுதட்டும்.

மூன்றாவதற்கு ஓட்டுப் போட்டேன் அல்லவா, அதற்குப் பெரிய பணம்கூட வேண்டாம். தண்டையார்பேட்டைப் பெண் ஒருத்தி, குரல் நல்ல கணீர். போனில் இருக்கும் தம்பூரா ஆப்பை எப்போதும் ஐந்தரைக் கட்டைச் சுருதியில் வைத்தே சாதகம் செய்திருந்தாள். ஒரு சாயங்காலம் வெளியே நிற்கவைத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, உள்ளே வந்து உட்கார்ந்ததும் சுருதியை ஐந்து கட்டையில் வைத்து "பாடும்மா" என்றேன். முதல் வரியிலேயே குரல் பழைய இடத்தில் போய் நின்றுகொண்டது, சுருதி அரைக் கட்டை கீழே ஓடுகிறது. அவளுக்குத் தெரியவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டிதான், "இன்னாடி, பிசிறுது" என்றார். அன்றிலிருந்து பாட்டிக்கு ஒரு வேலை: சாதகத்துக்கு முன்னால் பேத்திக்குத் தெரியாமல் ஆப்பில் கட்டையை மாற்றிவைப்பது. எந்தச் சுருதி வந்தாலும் ஒரு நொடி கேட்டு, ஆதார சட்ஜத்தை, அதாவது அடிப்படை 'ச'வைப் பிடித்துக்கொண்டு ஆரம்பிக்கும் பழக்கம் அப்படித்தான் வந்தது. ஸ்டுடியோவோ சர்டிபிகேட்டோ இதைக் கொடுத்திருக்காது.

இதே மாதிரி பாதியில் நிறுத்தச் சொல்வது, கைத்தட்டிக் காட்டிய தாளத்தைத் திருப்பித் தட்டச் சொல்வது, கீபோர்டில் ஒரு சுரத்தை அழுத்தி அதைப் பாடச் சொல்வது எல்லாம் வீட்டிலேயே செய்யலாம். கேட்கிறவர் சங்கீதம் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. முகம் தெரியாதவராக இருந்தால் போதும்.

உருப்படி தேர்வில் நான் கொஞ்சம் கறார். சேர்க்கைக்கு ஒரு பெரிய கிருதியை இழுத்துப் பிடித்துப் பாடுவதைவிட, நன்றாகப் பதிந்த ஒரு வர்ணம் நூறு மடங்கு மேல். கிருதி பாடியே தீருவேன் என்றால் நம் ஊர்ப்பக்கமே பார்க்கலாம். தியாகராஜர் திருவொற்றியூர் திரிபுரசுந்தரி மேல் ஐந்து கிருதிகள் பாடியிருக்கிறார். கல்யாணி, ஆரபி, பேகடை ராகங்கள் அதில் உண்டு. கல்யாணி எடுத்தால் "ஆரோகணம் சொல், நாலு சுரம் பாடு" என்ற அடுத்த கேள்விக்கும் தப்பிக்கலாம். பேகடையை ஆழம் தெரியாமல் தொட வேண்டாம்.

போக்குவரத்து பற்றி ஒரு வார்த்தை. விம்கோ நகர் வரை மெட்ரோ 2021இல் வந்துவிட்டது. சென்ட்ரலில் இறங்கி, பார்க் டவுனில் பறக்கும் ரயில் ஏறினால் கிரீன்வேஸ் சாலை நிலையம், அங்கிருந்து அரசு இசைக் கல்லூரி கிட்டத்தில்தான். வீணையோடு ஆட்டோவில் வியர்த்துப் போவதைவிட இது தேவலை.

வடசென்னைப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கும் சரக்கை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பது என் ஆதங்கம். சர்ச் கொயரில் ஆல்டோவோ டெனாரோ பாடுகிற பிள்ளைக்கு நான்கு குரலுக்கு நடுவில் தன் குரலைப் பிடித்து நிற்கத் தெரியும். டோ-ரே-மி எழுத்துகளில் பாடும் சோல்ஃபாவில் பழகியவர் என்றால், ஐந்து கோட்டில் எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷனை மட்டும் தினம் ஒரு கீர்த்தனையாகப் படித்தால் போதும். புளியந்தோப்பு பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதுகிற பையனுக்குக் காது கத்தி மாதிரி இருக்கும். அவன் பயப்பட வேண்டியது ஒன்றுக்குத்தான். பி பிளாட் டிரம்பெட்டில் அவன் சி என்று ஊதுவது பியானோவில் பி பிளாட். குழு ஒரு ஸ்கேலின் பேரைச் சொன்னால் அது டிரம்பெட் கணக்கா, பியானோ கணக்கா என்று கேட்டுவிட்டு ஊதட்டும். கேட்டால் மரியாதை கூடுமே தவிரக் குறையாது.

கானா பாடுகிறவர் நிலைமை கொஞ்சம் சிக்கல். ராத்திரி முழுக்கச் சாவு வீட்டில் மரண கானா பாடி, போனவர் பேரையும் உறவையும் அந்த இடத்திலேயே வரியில் கோர்த்து, தாளம் பிசகாமல் விடியும்வரை கொண்டுபோகிறவருக்கு, கற்பனையாகப் பாடும் திறமை தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கர்நாடக இசைக் குழு அதைக் கேட்காது. அங்கே போகிறவர் வரிசைகளையும் சுருதியையும் அடிப்படையிலிருந்து கட்டிக்கொண்டுதான் போக வேண்டும், ஒரு வருடம் தள்ளிப் போட்டாலும் பரவாயில்லை. புதிய பாணிப் பள்ளிகளுக்குப் போகிறவர் கானாவை ஒளித்துவைத்துவிட்டு, மூன்று மாதத்தில் கற்ற இங்கிலீஷ் பாட்டைப் பாடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. விதியில் கேட்ட உருப்படியை முதலில் வையுங்கள், இரண்டாவதாகக் கானாவை வையுங்கள். டோலக்கோடு, தெருவில் பாடுகிற வேகத்திலேயே, வெட்டாமல் எடுங்கள். மெட்டு சொந்தமா, சினிமாப் பாட்டிலிருந்து எடுத்ததா என்பதைக் கீழே எழுதிவிடுங்கள். டோலக் வாசித்தவர் பேரையும் போடுங்கள்.