கல்லடி வீட்டுக்கு வயரிங், அலாரம்: இரண்டு கூட்டம் வந்தது, ஒரு கூட்டம்தான் பேப்பர் காட்டியது

மட்டக்களப்பு ஆரையம்பதிப் பக்கத்தில் இருந்து மோட்டார்சைக்கிளில் வந்து வயரிங் செய்து தரும் ஒருவரைப் பற்றித்தான் இது. கடை கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது, பேஸ்புக் பக்கமும் கிடையாது. ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன், ஒன்று ஏன் குறைந்தது என்று பிறகு சொல்கிறேன். அவருக்கு முன் எங்கள் வீட்டில் கை வைத்த நகரத்துக் கடைக்கு எத்தனை புள்ளி என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கடையின் பெயரையும் எழுதப் போவதில்லை, முதலாளி எங்கள் மாமியின் பக்கத்துச் சொந்தம், கல்யாண வீட்டில் முகம் பார்க்க வேண்டும்.

வீடு கல்லடியில், கடலுக்குக் கிட்ட. சுனாமிக்குப் பிறகு 2006 இல் கட்டியது, அந்த நேரத்தில் எல்லாம் அவசரம், வயரிங்கும் அவசரம்தான். போன வருடம் ஒரு நாள் அம்மா குசினிக் குழாயைத் தொட்டால் கை சுர்ரென்று இழுக்கிறது என்றார். "மனே, இந்தத் தண்ணிக்குள்ள கரண்ட் வருதுகா" என்று அவர் சொன்னபோது நாங்கள் சிரித்தோம், வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். தண்ணீர் மோட்டர் ஓடும்போது மட்டும் அப்படி இழுக்கிறது என்பதை அவர்தான் கண்டுபிடித்தார், நாங்கள் இல்லை. அதே மாதம் இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு வீட்டார் ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலுக்குத் தீர்த்தமாடப் போன நேரம் பார்த்துக் கள்வர் அந்த வீட்டை உடைத்திருந்தார்கள். சரி, வயரிங்கையும் மாற்றி அலாரமும் பூட்டி இரண்டு கமராவும் வைப்போம் என்று முடிவானது.

நகரத்துக் கடையில் எல்லாம் ஒரே பொதியாகச் சொன்னார்கள். கமரா, அலாரம், வயரிங் எல்லாம் நாங்களே செய்வோம், மூன்று நாள் வேலை. விலையும் குறைவு. வந்த இரண்டு பொடியன்களும் நல்ல பிள்ளைகள், கெட்டிக்காரர்கள், கமராவை ஒரு மணித்தியாலத்தில் போனில் தெரிய வைத்துவிட்டார்கள். அதைப் பார்த்து நாங்கள் மயங்கிப் போனோம். யாரிடம் படித்தீர்கள், என்ன சான்றிதழ் இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மீன் வாங்கப் போனால் செவிளைத் தூக்கிப் பார்க்கிற ஆட்கள் நாங்கள்.

அவர்கள் செய்ததைப் பிறகு வந்தவர் திறந்து காட்டியபோதுதான் விளங்கியது. அலாரத்தின் மெல்லிய வயரை 230 வோல்ட் வயர் போகிற அதே பிவிசி குழாய்க்குள்ளே இழுத்திருந்தார்கள், சுவர் வெட்டுகிற வேலை மிச்சமாகட்டும் என்று. உள்ளே எங்காவது காப்புறை உரிந்தால் 12 வோல்ட் பெட்டிக்குள் 230 வந்து நிற்கும், கதவில் இருக்கிற சின்ன சென்சரைத் தொடுகிற கைக்கும் அது வரும். பிளக் பேஸ்களில் எல்லா வகைக் காலும் நுழைகிற பல ஓட்டைக்காரச் சாமான். இந்த நாட்டுக்கு 13 அம்பியர் சதுரக் கால் பிளக்தான் தரம் என்று முடிவாகி, 2018 இல் இருந்து மற்ற வகைகளை விற்கவே கூடாது என்று இருக்கும்போது, அதை எங்கிருந்து எடுத்தார்கள் என்று தெரியவில்லை.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. ட்ரிப் சுவிட்ச், அதாவது கரண்ட் கசிந்தால் தானே விழுந்து கரண்டை நிறுத்துகிற சுவிட்ச், அதன் விஷயம்தான் இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. மோட்டர் போட்டதும் ட்ரிப் விழுந்துகொண்டே இருந்தது. மூன்றாம் நாள் மாலை, "சுவிட்ச் பழுதண்ணே, புதுசு வாற வரைக்கும் நேராக் குடுத்திருக்கு" என்றார்கள், அதாவது அந்தச் சுவிட்சைத் தவிர்த்துவிட்டு. கரண்ட் நின்றது, வந்தது, எல்லாம் ஓடியது, நாங்களும் சந்தோசமாகக் காசைக் கொடுத்தோம். புதுச் சுவிட்ச் வரவே இல்லை. உண்மையில் அந்தச் சுவிட்ச் பழுதே இல்லை. மோட்டரின் உடம்பில் கரண்ட் கசிகிறது என்று அது சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. சொன்ன வாயை அடைத்துவிட்டு மோட்டரை ஓடவிட்டார்கள், அம்மா அந்தத் தண்ணீரில் அரிசி கழுவினார்.

இந்தக் கதையை ஃபுளோரிடாவில் இருக்கிற மச்சானுக்கு வீடியோ அழைப்பில் சொன்னேன். அவர் அங்கே அலாரம் பூட்டுகிற ஒரு கொம்பனியில் வேலை. முதலில் சிரித்தார், பிறகு கோபப்பட்டார், பிறகு அரை மணித்தியாலம் பாடம் எடுத்தார். அங்கே கரண்ட் வேலைக் கொன்ட்ராக்டருக்கு ஒரு லைசன்ஸ், அலாரம் கொன்ட்ராக்டருக்கு வேறு லைசன்ஸ், அந்த அலாரத்திலும் இரண்டு வகை: ஒன்று எல்லா அலாரமும் செய்யலாம், மற்றது தீ அலாரத்தில் கை வைக்கக்கூடாது. லைசன்ஸ் முதலாளிக்கு மட்டும் இருந்தால் போதாது, வீடு வீடாகப் போய்க் கள்வர் அலாரம் பூட்டுகிற ஆளும் 18 வயது நிரம்பி, பின்னணி விசாரணையில் தேறி, 14 மணித்தியாலப் பயிற்சி எடுத்திருக்க வேண்டும். அந்தப் பதினாலில் குறைந்தது இரண்டு மணித்தியாலம் அலாரம் சும்மா அடிக்காமல் இருக்க என்ன செய்வது என்பதற்கு மட்டும். எனக்கு மிகவும் பிடித்தது அந்த இரண்டு மணித்தியாலம்தான், காரணம் கீழே வருகிற பல்லிக் கதையில் தெரியும்.

விளம்பரத்திலும் விலைக் கடிதத்திலும் லைசன்ஸ் இலக்கம் இருக்க வேண்டுமாம். லைசன்ஸ் இல்லாமல் கொன்ட்ராக்ட் எடுத்தால் முதல் தடவை சின்னக் குற்றம், திரும்பவும் பிடிபட்டால் பெரிய குற்றம். மாநிலத்துக்கு மாநிலம் கதை மாறும் என்றும் சொன்னார். டெக்சாசில் கரண்ட் வேலைக்கு ஒரு திணைக்களம் லைசன்ஸ் கொடுக்கிறது, அலாரம் பூட்டுகிறவர்களைப் பொதுப் பாதுகாப்புத் திணைக்களம் பார்க்கிறது, அதாவது பொலிஸ் பக்கம். யோசித்தால் நியாயம்தான், உங்கள் வீட்டில் எந்த யன்னலுக்கு சென்சர் இல்லை என்பது அலாரம் பூட்டினவனுக்குத்தானே முதலில் தெரியும். கலிபோர்னியாவில் லைசன்ஸ் இல்லாத ஆள் 500 டொலருக்குக் குறைந்த சில்லறை வேலை மட்டும் செய்யலாம் என்று இருந்து, 2025 இல் அதை 1,000 டொலர் ஆக்கியிருக்கிறார்கள்.

இங்கே அப்படி இறுக்கம் இல்லை, ஆனால் ஒன்றுமே இல்லை என்று சொல்வதும் பிழை. தேசிய தொழிற்தகைமை, எல்லாரும் என்.வி.கியூ என்று சொல்கிற அது, மின்வேலைக்கும் இருக்கிறது. நாலாம் மட்டம் என்றால் தொழிலை முழுதாகத் தெரிந்தவர். பள்ளிக்கூடம் போகாமல் மாமாவோடு போய் வேலை பழகினவரும் செய்கை அனுபவத்தைக் காட்டிச் சோதனைக்குத் தோற்றி அதை எடுக்கலாம், வயசு ஒரு தடை இல்லை. பெரிய கட்டட வேலை எடுக்கிற கொன்ட்ராக்டர்கள் என்றால் 2014 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இருக்கிற நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையில் பதிந்திருப்பார்கள். மின்வேலைக்காரருக்கு என்.வி.கியூவை அடியாக வைத்து லைசன்ஸ் என்ற பேச்சைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவும் வருடக்கணக்காக எடுத்து வருகிறது. மின்சாரம் தருகிற நிறுவனத்தின் கை மீற்றரோடு நின்றுவிடும். மீற்றருக்கு இந்தப் பக்கம் வீட்டுக்காரன் யாரைக் கூப்பிடுகிறானோ அவன்தான் எல்லாம்.

அப்புறம்தான் நம் ஆரையம்பதி ஆள். கோயில் தர்மகர்த்தா ஒருவர் சொல்லி வந்தார், வயது ஐம்பதுக்குக் கிட்ட. நான் கேட்பதற்கு முன்னமே பையில் இருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட என்.வி.கியூ நாலு சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தார். முப்பது வருடம் வேலை செய்துவிட்டு நாற்பத்தைந்து வயதில் போய்ச் சோதனை எடுத்தாராம், சின்னப் பொடியன்களோடு வரிசையில் நின்றதைச் சொல்லிச் சிரித்தார். விலை சொல்லவில்லை. முதலில் அளக்க வேண்டும் என்றார்.

அந்த அளவுதான் அவருடைய வேலையில் முக்கால்வாசி. கசிகிற கரண்டை நிலத்துக்குள் இறக்குகிற எங்கள் ஏர்த் கம்பி நாலடி நீளம், முற்றத்துக் காய்ந்த மணலில் நின்றது. சோதனை மீற்றரை வைத்துப் பார்த்தார், நிலத்துக்குப் போகிற வழியின் தடை 46 ஓம். ஒரு கடதாசியில் கணக்குப் போட்டுக் காட்டினார்: 230 ஐ 46 ஆல் பிரித்தால் 5 அம்பியர். மோட்டர் உடம்புக்கு முழுக் கரண்ட் வந்தாலும் நிலத்துக்குப் போவது 5 அம்பியர்தான், 20 அம்பியர் பிரேக்கர் அசையாது, ஆயுள் முழுக்க அப்படியே நிற்கும், உடம்பில் கரண்டும் நிற்கும். அதனால்தான் 30 மில்லியம்பியரில் விழுகிற ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் மணல் தரையில் வீடு நடத்தக்கூடாது என்றார். இத்தனை வருடத்தில் யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை, பள்ளிக்கூடத்தில் ஓமின் விதியை மனப்பாடம் செய்து சித்தி எடுத்தவன் நான்.

கிணற்றுக்குப் பக்கத்தில் எட்டடிக் கம்பி அடித்தார், கல்லடியில் தண்ணீர் மேலேதான் இருக்கிறது, கம்பி ஈரத்துக்குள் போனதும் 12 ஓமுக்கு வந்தது. மோட்டரில் ஏர்த் வயர் எதிலும் பூட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது, அதைப் பூட்டினார், மோட்டரையும் வைண்டிங் கடைக்கு அனுப்பச் சொன்னார். லைட்டுக்கு 1/1.13 வயர், பிளக்குக்கு 7/0.67 (முதல் இலக்கம் உள்ளே எத்தனை கம்பி, மற்றது ஒரு கம்பியின் விட்டம் மில்லிமீற்றரில்), குசினிக்குத் தனிக் கோடு. வயர் சுருளை உள்ளூர்த் தயாரிப்பாகப் பார்த்து நானே கடையில் வாங்கி வர வேண்டும், அவர் வாங்கித் தரமாட்டார், கொமிஷன் எடுத்தான் என்ற பேச்சு வேண்டாமாம். முடிந்ததும் ஒவ்வொரு கோட்டையும் காப்புறையைச் சோதிக்கிற 500 வோல்ட் மெகர் மீற்றரால் சோதித்து, ட்ரிப் எத்தனை மில்லிசெக்கனில் விழுகிறது என்று பார்த்து, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பிரேக்கர்கள் இருக்கிற டிபி பெட்டியின் மூடிக்குள் ஒட்டினார். மாதம் ஒரு தடவை சோதனைப் பொத்தானை அமத்தச் சொல்லி அம்மாவுக்குப் பழக்கியும்விட்டார். அம்மா இப்போது வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அமத்துகிறார், விளக்கேற்றுகிற நேரத்தில், வீடு இருண்டு திரும்ப வரும்.

அலாரத்தைப் பற்றிக் கேட்டபோது, "அது என்ட வேலை இல்லை தம்பி, கரண்ட் வரைக்கும்தான் நான்" என்றார். எனக்கு அந்த நேரம் கொஞ்சம் எரிச்சல்தான், இன்னொரு ஆளைத் தேட வேண்டுமே என்று. பிறகு மச்சானின் இரண்டு லைசன்ஸ் கதை ஞாபகம் வந்தது. அவரே களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு தம்பியைக் கூட்டி வந்தார். தனிக் குழாயில் வயர், கதவுகளுக்குக் காந்த சென்சர், விறாந்தையில் அசைவு பார்க்கிற சென்சர், கரண்ட் நின்றாலும் ஓட 12 வோல்ட் பற்றரி. வேலை சுத்தம். ஆனால் முதல் வாரமே இரவு இரண்டு மணிக்கு சைரன் அலறி ஒழுங்கை முழுக்க எழும்பிவிட்டது, முன் வீட்டு ஐயா உலக்கையோடு வந்து நின்றார். பார்த்தால் சென்சர் கண்ணாடிக்கு மேல் ஒரு பல்லி. அது தூரத்தில் போனால் சென்சருக்குப் பொருட்டில்லை, கண்ணாடியின் மேலே நடந்தால் ஒரு ஆள் நடந்த மாதிரித் தெரியுமாம். தம்பி மூன்றாம் நாள் வந்து, லைட்டுக்குப் பக்கத்தில் பூச்சி தேடிப் பல்லி வருகிற மூலையில் இருந்து சென்சரை மாற்றிப் பூட்டி, பெட்டிக்குப் பின்னால் இருந்த ஓட்டையையும் சிலிக்கனால் அடைத்தார். அந்த இரண்டு மணித்தியாலப் பாடத்தை அவருக்கும் யாராவது எடுத்திருந்தால் ஐயாவின் நித்திரை கெட்டிருக்காது.

இனிக் குறைந்த ஒரு புள்ளி. சொன்ன நாளுக்கு வரமாட்டார். ஆறு நாள் வேலை பதினொரு நாள் இழுத்தது. இடையில் ஒரு செத்த வீடு, ஒரு திருவிழா, ஒரு நாள் காரணமே இல்லை. சுவர் வெட்டிய தூசி அலுமாரிக்குள் வரைக்கும் போனது, வெட்டின இடத்தைப் பூச மேசன் நாங்கள்தான் பிடிக்க வேண்டும். கூலியும் நகரத்துக் கடையை விட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. எங்களுக்கு இரண்டு தடவை செலவு என்பதால் இன்னும் உறைத்தது. கடல் காற்றுக்குக் கமராவின் ஆணிகள் துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டன, அது முதல் கூட்டம் பூட்டியது, அதை மாற்றவும் அவர் சம்மதிக்கவில்லை. கமராவும் அவருடைய வேலை இல்லையாம்.

நீங்கள் யாரைப் பிடித்தாலும் விலை கேட்பதற்கு முன் சான்றிதழைக் கேளுங்கள், அளவெடுத்த தாள் தருவீர்களா என்று கேளுங்கள். மெகர் என்றால் என்ன என்று அந்த ஆள் உங்களையே திருப்பிக் கேட்டால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஆரையம்பதி ஆளின் இலக்கம் வேண்டுமென்றால் உட்பெட்டியில் கேட்டால் அவரிடம் கேட்டுவிட்டுத் தருகிறேன். பகலில் அழைத்தால் எடுக்கமாட்டார், ஏணியில் நிற்பார், இரவு ஏழுக்குப் பிறகு எடுங்கள். ஐப்பசி மழை தொடங்கி இடி விழுந்து எல்லார் வீட்டுப் பெட்டியும் எரிகிற காலத்தில் அவரைப் பிடிக்கவே முடியாது, புரட்டாதிக்குள் சொல்லி வையுங்கள்.