இரவு ஷிஃப்ட்காரர்களுக்கு பிளாக்அவுட் கர்ட்டன்: எதைப் பார்த்து வாங்கவேண்டும்?

நேராகச் சொல்லிவிடுகிறேன். இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர்கள் முதலில் வாங்கவேண்டியது விலை கூடிய மெத்தை இல்லை. ஜன்னலுக்கு அளவெடுத்துச் சரியாகத் தைத்த பிளாக்அவுட் கர்ட்டன், அதாவது வெளிச்சத்தை உள்ளே விடாத திரை. 'சரியாகத் தைத்த' என்பதுதான் இதில் முக்கியம். துணி எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் ஓரத்தில் வெளிச்சம் கசிந்தால் கொடுத்த காசு தண்டம்.

நான் சிங்கப்பூரின் ஜூரோங் தீவில் ஓர் ஆலையில் டெக்னீஷியன். 12 மணி நேர ஷிஃப்ட். இரவு வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் பூன் லே வந்து இறங்கி, வீட்டுக்குப் போய்க் குளித்துப் படுக்கும்போது காலை ஒன்பதை நெருங்கிவிடும். எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் படுக்கையறை ஜன்னல் கிழக்குப் பார்த்தது. சிங்கப்பூரில் வருடம் பூராவும் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் உதிக்கிறது. பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரி வடக்கே இருப்பதால் பெரிதாக முன்பின் ஆவதில்லை. ஆகவே, எந்த மாதமானாலும் ஒன்பது மணி வெயில் நேரே என் தலையணையில்தான் விழும்.

வீட்டோடு வந்த பழைய திரை பழுப்பு நிறம், பார்க்கக் கனமாகத்தான் இருந்தது. ஆனால் அறை முழுக்க ஒரு மங்கல் வெளிச்சம் இருந்துகொண்டே இருக்கும். பன்னிரண்டு மணிக்கெல்லாம் விழிப்புத் தட்டிவிடும். பிறகு எவ்வளவு புரண்டாலும் கண் அயராது. அந்த அரைத் தூக்கத்தோடு மறுபடி பஸ் ஏறி, விடிகாலை மூன்று மணிக்கு மீட்டர் பார்த்து எழுதுவதும் வால்வு திறப்பதும் எவ்வளவு ஆபத்து என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

கண்ணை மூடினால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. நம் விழித்திரையில் பார்ப்பதற்கான செல்கள் போக, வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் மூளைக்குச் சொல்லும் செல்கள் தனியாக இருக்கின்றன. நீலம் கலந்த பகல் வெளிச்சம் பட்டால் அவை 'விடிந்துவிட்டது' என்று தகவல் அனுப்பும். தூக்கத்துக்கு உடலைத் தயார்ப்படுத்தும் மெலடோனின் சுரப்பு குறையும். இமையைத் தாண்டியும் வெளிச்சம் போகும். இந்த உடல் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்ததற்காகத்தான் 2017ல் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு மருத்துவ நோபல் கொடுத்தார்கள். இன்னொன்றும் சொல்லவேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, உடல் கடிகாரத்தைக் குலைக்கும் ஷிஃப்ட் வேலையைப் புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியமுள்ளவற்றில் 2007லேயே சேர்த்துவிட்டது. பயமுறுத்தச் சொல்லவில்லை. பகல் தூக்கத்தை ஓசித் தூக்கமாக நினைக்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, கர்ட்டனுக்கு வருகிறேன். கேலாங் சிராயில் ஜூ சியாட் காம்ப்ளெக்ஸ் பக்கம் துணிக்கடைகளும் கர்ட்டன் கடைகளும் வரிசையாக இருக்கும். நோன்புப் பெருநாளுக்கு முந்தைய வாரங்களில் மட்டும் போகாதீர்கள், மலாய்க் குடும்பங்கள் வீட்டுக்கே புதுத் திரை போடும் சமயம் அது, தைக்க ஆள் கிடைக்காது. நான் போன கடையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா இருந்தார். பகலில் தூங்குவதற்கு என்றதும் மூன்று துண்டுத் துணிகளை எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றின் பின்னாலும் கைப்பேசி டார்ச்சை ஒட்டிப் பிடித்து, "அபாங் (மலாயில் அண்ணன்), கிட்ட வந்து பாருங்க" என்றார். முதல் துணியில் வெளிச்சம் வட்டமாகத் தெரிந்தது. அது டிம்அவுட், வெளிச்சத்தைக் குறைக்க மட்டும்தான் செய்யும். இரண்டாவது நடுவில் கறுப்பு நூல் வைத்து நெய்தது. நெசவு இடுக்கில் ஊசி முனை அளவுக்குப் புள்ளிகள். மூன்றாவதில் ஒன்றுமே தெரியவில்லை. பின்பக்கம் வெள்ளைப் பூச்சு கொடுத்த துணி அது. அந்த வெள்ளை, வெயிலையும் வெளியிலேயே திருப்பி அனுப்பும் என்பதால் கிழக்கு, மேற்கு ஜன்னல்களுக்கு அதைத்தான் எடுக்கவேண்டும். இந்த டார்ச் சோதனையை எந்தக் கடையிலும் நீங்களே செய்து பார்க்கலாம். அட்டையில் 'பிளாக்அவுட்' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

ஆனால் அந்த அக்காவின் அருமை வீட்டுக்கு அளவெடுக்க வந்தபோதுதான் தெரிந்தது. இரும்பு டேப்பை ஜன்னலில் வைப்பதற்கு முன் அறை விளக்கை அணைத்துவிட்டு, பழைய திரையை இழுத்து மூடி, நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார். "துணியில வர்றதவிட மேல வர்றதுதான் ஜாஸ்தி" என்று கூரையைக் காட்டினார். உண்மைதான். கம்பிக்கும் கூரைக்கும் நடுவிலிருந்த இடைவெளியில் ஒரு வெளிச்சப் பட்டை கூரை முழுக்கப் பரவிக் கிடந்தது. அவர் செய்தது இதுதான்: கம்பியை எடுத்துவிட்டு, திரை ஓடும் டிராக்கை நேரே கூரையில் அடித்தார். இரண்டு பக்கமும் ஜன்னலைவிட 20 சென்டிமீட்டர் கூடுதலாக விட்டார். டிராக்கின் இரு முனைகளையும் சுவரை நோக்கி வளைத்து, துணியின் ஓரத்தை வெல்குரோவால் சுவரோடு ஒட்டினார். நடுவில் இரண்டு பாதிகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். தையலுக்குள் சின்னக் காந்தங்கள். அடிப்பகுதி தரையைத் தொடும். டிராக், தையல், பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து 420 வெள்ளி. ரெடிமேட் திரை இதில் கால்வாசிக்குக் கிடைக்கும். ஆனால் ஓரத்தை யார் அடைப்பது?

இப்போது மதியம் மூன்று, மூன்றரை வரை தூங்குகிறேன். நடுவில் ஒருமுறை எழுந்தாலும் நேரம் தெரியாததால் மறுபடி தூக்கம் பிடித்துவிடுகிறது. என் மனைவி, "உங்க முகமே மாறிடுச்சு" என்கிறாள். எனக்கு அது பெரிய விஷயம். வீட்டில் எரிந்து விழுவது குறைந்தால் மகளுக்கும் நிம்மதி.

குறைகளும் உண்டு. பூச்சுத் துணியில் முதலில் ஒரு ரப்பர் வாடை அடிக்கும். ஜன்னலைத் திறந்துவைத்துக் காற்றாட விட்டால் போய்விடும். காற்று அறவே வராது, ஏர்கான் இல்லாமல் அந்த அறையில் படுக்க முடியாது. நான் 25ல் வைத்து மின்விசிறியும் போடுகிறேன், அதுவே போதும். நம் ஊர் ஈரப்பதத்தில் திரைக்குப் பின்னால் ஈரம் தங்கிச் சுவரில் பூஞ்சை பிடிக்கலாம், அதனால் எழுந்ததும் முழுதாகத் திறந்துவிட வேண்டும். எழுந்தவுடன் வெளிச்சம் படுவது உடம்புக்கும் நல்லது. டிரையரில் மட்டும் போட்டுவிடாதீர்கள், பூச்சு உரிந்துவிடும்.

சத்தத்தை இது தடுக்காது. தடுக்கும் என்று யாராவது விற்றால் நம்பவேண்டாம். வீவக விதிப்படி சுவர் உடைப்பது, ஓடு வெட்டுவது போன்ற வேலைகள் வார நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரை நடக்கலாம். சரியாக நாங்கள் தூங்கும் நேரம். மேல்மாடியில் புதுப்பிப்பு வேலை நடந்தபோது மின்தூக்கி அருகில் ஒட்டியிருந்த அறிவிப்பில் தேதி பார்த்து வைத்துக்கொண்டு, காதடைப்பான் வைத்துச் சமாளித்தேன்.

இன்னும் இரண்டு பழக்கம் சேர்ந்தால்தான் திரை வேலை செய்கிறது. ஒன்று, பஸ்ஸில் வரும்போது கறுப்புக் கண்ணாடி. காலை வெயிலை முகத்தில் வாங்கிக்கொண்டே வந்து இருட்டறையில் படுத்தால் மூளை ஒத்துழைக்காது. ஆனால், நீங்களே வண்டி ஓட்டி வருகிறவர் என்றால் தூக்கம் தட்டும்போது கறுப்புக் கண்ணாடி வேண்டாம். இரண்டாவது கோப்பி. கஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். என் கடைசி கோப்பி-ஓ (பால் சேர்க்காத கோப்பி) இரவு இரண்டு மணிக்கு. அதற்குப் பிறகு சுடுதண்ணீர்தான், கன்ட்டீனில் யார் கூப்பிட்டாலும்.

பகலில் தூங்காத குடும்பங்கள் இவ்வளவு செலவு செய்யவேண்டியதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எப்படியும் விடியுமுன் எழுந்துவிடுகிறார்கள். அவர்கள் அறைக்குத் தொல்லை சூரியன் இல்லை, இரவு முழுக்க எரியும் தாழ்வார விளக்கு. மகள் அறைக்கு அதே அக்காவிடம் டிம்அவுட் துணிதான் தைத்தோம், பாதி விலைகூட ஆகவில்லை. அங்கேயும் டிராக்கைக் கூரையில் அடிக்கச் சொல்லிவிட்டேன்.