ஆன்லைன் தெரபி: தேம்பலை இரைச்சல் என்று நினைக்கும் செயலி

மனசுக்கான பேச்சு சிகிச்சையை, அதாவது தெரபியை, ஆன்லைனில் எடுக்கலாமா என்று தோழி கேட்டிருந்தாள். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு சென்னையில் இருக்கும் ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டிடம் தமிழிலேயே பேச முடிகிறது. பஸ் பிடிக்க வேண்டாம், லீவு சொல்ல வேண்டாம், காத்திருக்கும் இடத்தில் தெரிந்தவர் கண்ணில் படுவோமோ என்ற பயமும் இல்லை. எனக்குப் பதற்றம் நன்றாகவே குறைந்திருக்கிறது, தூக்கமும் வருகிறது. இதற்கெல்லாம் முழு மார்க்.

ஆனால் ஒரு விஷயம் இன்றுவரை ஆறவில்லை. தெரபியில் பாதி வேலை, பேசாமல் இருக்கும் நேரத்தில்தான் நடக்கிறது. அந்த மௌனத்தைத்தான் வீடியோ கால் கெடுக்கிறது. அப்பாவின் கடைசி நாட்களைச் சொல்லிக்கொண்டிருந்தபோது தொண்டை அடைத்துப் பேச்சு நின்றுவிட்டது. தேம்பிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பக்கம் படமும் உறைந்துவிட்டதாம். "இருக்கீங்களா? நான் பேசறது கேக்குதா?" என்று கேட்டார். அவர் மேல் தப்பே இல்லை. என் அழுகை அவருக்குப் போய்ச் சேரவே இல்லை.

காரணம் பிறகுதான் தெரிந்தது. இந்தச் செயலிகளில் இரைச்சலைக் குறைக்கும் வசதி பெரும்பாலும் தானாகவே இயங்கும். பேச்சாகத் தெரியாத சத்தத்தை அமுக்குவதுதான் அதன் வேலை. மிக்ஸி, ஃபேன் சத்தத்தோடு சேர்ந்து தேம்பலும் பெருமூச்சும் போய்விடுகின்றன. நான் பேசும்போது அவர் போடும் சின்ன "ம்" கூடப் பல நேரம் வராது. அந்த "ம்" இல்லாமல் மனசைத் திறந்து பேசிப் பாருங்கள், தெரியும். செட்டிங்ஸில் தேடி அந்த இரைச்சல் குறைப்பை அணைத்தேன். இப்போது அழுகை கேட்கிறது, ஃபேனும் கேட்கிறது. அதனால் கோவில்பட்டி வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டு உட்காருகிறேன்.

அவருக்கும் சிரமம்தான். முகம் மட்டும் தெரிவதால், கால் ஆடுவதையும் விரலைப் பிசைவதையும் பார்க்க முடியாது. "இப்போ கை என்ன பண்ணுது?" என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார். அவர் கேமராவைப் பார்த்தால் என் முகம் அவருக்குத் தெரியாது. திரையில் என் முகத்தைப் பார்த்தால் எங்கோ பார்ப்பதுபோல எனக்குத் தெரியும். நாள் முழுக்க இப்படித் திரையைப் பார்த்துப் பேசினால் தலை பாரமாகிவிடுகிறது என்று ஒருமுறை சொன்னார்.

சரி, எடுப்பதென்றால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்பவரிடம் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கேளுங்கள். நல்ல தெரபிஸ்ட் முதல் நாளே நீங்கள் இருக்கும் முகவரியையும் அவசரத்துக்கு ஒருவரின் நம்பரையும் கேட்பார். தயங்காமல் கொடுங்கள், ஏதாவது ஒன்றென்றால் அவரால் ஓடிவர முடியாது. பணம் கட்ட வழியில்லை என்றால் 14416. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் அது. இலவசம், எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம்.

தோழிக்கு என் பதில்: இழப்பைப் பற்றிப் பேசத்தான் போகிறாய் என்றால், முதல் சில முறையாவது நேரில் போ. ஒரே அறையில் அழ வேண்டிய அழுகை அது. இவ்வளவு பலன் கண்ட பிறகும் இதைத்தான் சொல்வேன். எனக்கு நேரில் போக வழியில்லை, அதனால் வியாழக்கிழமை மறுபடி ஆன்லைன்தான்.