ஒன்பது வருடமாக ஒரே லேப்டாப்: திங்க்பேட் எக்ஸ்220 அனுபவம்

2016இல் சென்னை ரிச்சி தெருவில் இதை வாங்கியபோது, "ரெண்டு வருஷம் ஓடும் சார், அதுக்கு மேல நான் கேரண்டி சொல்ல மாட்டேன்" என்றார் கடைக்காரர். ஏதோ ஒரு கம்பெனி மொத்தமாகக் கழித்துவிட்ட சரக்கு. மூடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைச் சுரண்டிய தடம் இன்னும் இருக்கிறது. 2011ஆம் வருடத்து மாடல். இரண்டாம் தலைமுறை இன்டெல் ஐ5, 4 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7. பதினொன்றாயிரம் சொன்னார், ஒன்பதரைக்கு முடிந்தது. இந்த வரிகளையும் அதில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

எனக்குத் திருவல்லிக்கேணியில் டிடிபி (புத்தகப் பக்கங்களைக் கணினியில் அமைக்கும்) வேலை, கூடவே மெய்ப்புத் திருத்தம். பெரிய கிராஃபிக்ஸ் எல்லாம் கிடையாது. எழுத்து, எழுத்து, மேலும் எழுத்து. அதனால் நான் சொல்வதை அந்த அளவில் வைத்துப் படியுங்கள். வீடியோ எடிட்டிங் செய்பவருக்கு இந்த அனுபவம் உதவாது.

முதலில் செய்த செலவுதான் இன்றுவரை மிக உருப்படியான செலவு. 2018இல் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு, அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி ஒன்றை, 240 ஜிபியில், போட்டேன். பக்கவாட்டில் ஒரே ஒரு திருகு. அதை எடுத்தால் சின்ன மூடி கையோடு வரும். உள்ளே தெரியும் பிளாஸ்டிக் நாக்கைப் பிடித்து இழுத்தால் டிஸ்க் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். அதன் இரண்டு பக்கமும் இருக்கும் ரப்பர் பட்டைகளைக் கழற்றி எஸ்எஸ்டிக்கு மாட்ட மறந்துவிடாதீர்கள். நான் மறந்துபோய், உள்ளே லொடலொடவென்று ஆடுவதைக் கேட்டு பயந்து மறுபடி திறந்தேன். அதுவரை பட்டனை அழுத்திவிட்டு டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம். அப்புறம் அரை நிமிடம்கூட ஆகவில்லை. பின்னால் 4 ஜிபி ரேமை 8 ஆக்கினேன். நல்லதுதான், ஆனால் எஸ்எஸ்டி கொடுத்த சந்தோஷம் அதில் இல்லை.

நடுவில் ஒரு வேடிக்கை. பேட்டரி செத்துவிட்டதால் கழற்றி வைத்துவிட்டு அடாப்டரிலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன். கரண்ட் போய் வந்தால் எந்த இணையதளமும் திறக்காது. "உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று சிவப்பாக ஒரு பக்கம் வந்து நிற்கும். வைரஸ் என்று நினைத்து இரண்டு நாள் ஸ்கேன் ஓட்டினேன். கடைசியில் பார்த்தால், மூலையில் கடிகாரம் பல வருடம் பின்னால் நிற்கிறது! மதர்போர்டில் நேரத்தைக் காப்பாற்றும் பொத்தான் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. இணையதளச் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டு. கணினி பழைய காலத்தில் உட்கார்ந்திருந்தால், இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று அது நினைத்துக்கொள்ளும். வயர் வைத்த சின்ன பேட்டரி ஒன்று வாங்கிப் போட்டதும் சரியானது. பழைய கணினி திடீரென்று இணையத்தோடு சண்டை போட்டால் முதலில் தேதியைப் பாருங்கள்.

பெரிய பேட்டரிக் கதை அவ்வளவு சுகமில்லை. ஒரிஜினல் என்று சொல்லி ஒரு கடையில் தந்தது எட்டு மாதத்தில் உப்பிவிட்டது. உப்பிய பேட்டரியை ஒரு நாள்கூட வைத்திருக்கக் கூடாது. கழற்றி, மின்னணுக் கழிவு எடுப்பவரிடம் கொடுத்துவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விண்டோஸ் 7க்கு ஆதரவு 2020 ஜனவரி 14இல் முடிந்தது. அன்று என் மேஜையில் ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் நடக்கவில்லை. மூன்று வருடம் அதே விண்டோஸ் 7இல் ஓட்டினேன். பாதுகாப்புத் திருத்தம் இல்லாமல் ஓட்டியது புத்திசாலித்தனம் இல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆட்டம் கண்டது 2023இல். விண்டோஸ் 7க்கும் 8.1க்கும் குரோம் 109தான் கடைசிப் பதிப்பு என்று ஆனது. சில மாதம் தாக்குப்பிடித்தது. ஒரு நாள் வங்கித் தளம் உள்ளேயே விடவில்லை: "உங்கள் பிரவுசர் பழையது." அடுத்த வாரம், பதிப்பாளர் ஒருவர் அனுப்பிய பகிர்வுக் கோப்பு வெறும் வெள்ளைப் பக்கமாக நின்றது.

ஏழு கடல், ஏழு மலை தாண்டி ஒரு கிளிக்குள் அரக்கன் உயிர் இருக்கும் என்று பாட்டி கதை சொல்வாரே, அதுதான் இது. எக்ஸ்220இன் உயிர் பிராசசரிலும் இல்லை, விண்டோஸிலும் இல்லை, பிரவுசர் என்ற கிளிக்குள் இருந்திருக்கிறது. பழைய கணினி எதைக் கொண்டுவந்து காட்டினாலும் இப்போதெல்லாம் நான் கேட்கும் முதல் கேள்வி, இதில் இன்றைய பிரவுசர் ஓடுமா என்பதுதான். ஃபயர்ஃபாக்ஸ் 115இன் நீண்ட ஆதரவுப் பதிப்புக்கு விண்டோஸ் 7இல் அப்போதும் திருத்தங்கள் வந்துகொண்டிருந்தன. அதில் ஆறு மாதம் தள்ளினேன்.

விண்டோஸ் 10க்குப் போயிருக்கலாம். ஆனால் அதற்கும் 2025 அக்டோபர் 14 என்று முடிவு நாள் குறித்தாகியிருந்தது. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாகக் கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும். என்னிடம் இருப்பது டிபிஎம் 1.2, இரண்டாம் தலைமுறை. சோதனையை ஏமாற்றி நிறுவ வழிகள் உண்டு. நண்பர் ஒருவர் செய்திருக்கிறார், நன்றாகவே ஓடுகிறது. ஆனால் ஒவ்வொரு பெரிய பதிப்பு வரும்போதும் அவர் கையால் மல்லுக்கட்டுகிறார். புத்தகக் கண்காட்சிக்குப் பத்து நாள் இருக்கும்போது எனக்கு அது கட்டுப்படியாகாது.

ஆகவே லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம், அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு. 2023 கடைசியில் 21 போட்டேன், மறுவருடம் 22க்கு மாறினேன். இதற்கு 2029 வரை ஆதரவு இருக்கிறது. திறந்ததும் ஒரு ஜிபி ரேம் அளவில்தான் பிடிக்கிறது, மிச்சமெல்லாம் ஃபயர்ஃபாக்ஸுக்கு. முதல் வாரம் கை ஓடவில்லை. பல மொழிகளில் தட்டச்ச உதவும் ஐபஸ்ஸில் எம்17என் தொகுப்பை நிறுவி, தமிழ்99 கீபோர்டு அமைப்பைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் மூச்சு வந்தது.

யூடியூப் மட்டும் முரண்டு பிடித்தது. இன்றைய வீடியோக்கள் பெரும்பாலும் விபி9, ஏவி1 என்ற சுருக்க முறைகளில் வருகின்றன. இந்த லேப்டாப் காலத்து கிராஃபிக்ஸ் சிப்புக்கு அவை தெரியாது, பழைய முறையான எச்.264தான் தெரியும். அதனால் பாரம் முழுக்க பிராசசர் தலையில் விழுந்து விசிறி அலறும். எச்.264ஐ மட்டும் கேட்டு வாங்கும் நீட்சி ஒன்றை ஃபயர்ஃபாக்ஸில் சேர்த்து, 720 அளவிலேயே பார்க்கிறேன். திரையே 768 வரிதான், இதற்கு மேல் எதற்கு?

பிரிண்டர்தான் படுத்திவிட்டது. என் சிறிய லேசர் பிரிண்டருக்கு லினக்ஸில் டிரைவர் ஏற்றப் போய் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வீணாயின. அங்கேதான் மூலையில் கிடந்த விண்டோஸ் எக்ஸ்பி டெஸ்க்டாப்புக்கு மறுவாழ்வு கிடைத்தது. பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் 7, பாமினி எழுத்துரு, பதினைந்து வருடத்துப் புத்தகக் கோப்புகள் எல்லாம் அதில் இருக்கின்றன. லிப்ரே ஆஃபிஸ் டிராவிலும் பேஜ்மேக்கர் கோப்பு திறக்கும், பொய் சொல்லவில்லை. ஆனால் வரிகள் இடம் மாறிவிடுகின்றன. மறுபதிப்புக்கு வரும் புத்தகத்தில் பக்க எண் நகர்ந்தால் பொருளடக்கத்திலிருந்து எல்லாம் நாசம். எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரலோடு போய்விட்டது. அதனால் நெட்வொர்க் வயரைப் பிடுங்கி, போர்ட்டின் வாயில் டேப் ஒட்டிவிட்டேன். பிடிஎஃப்பை பென்டிரைவில் கொண்டுபோய் அதில் பிரிண்ட் எடுக்கிறேன். கிளி தேவைப்படாத அரக்கன் அது. இணையத்தைக் காட்டாதவரை அதற்குச் சாவு ஹார்டுவேர் வழியாக மட்டும்தான் வரும். அதற்காகக் கோப்புகளை மாதம் ஒருமுறை நகல் எடுக்கிறேன்.

மச்சானின் நெட்புக்கைத்தான் காப்பாற்ற முடியவில்லை. இன்டெல் ஆட்டம் என்270 பிராசசர், ஒரு ஜிபி ரேம், 32 பிட் மட்டும். டெபியன் 12 என்ற இன்னொரு லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32 பிட் கணினியில் நிறுவுவதற்கான தொகுப்பே இல்லை. 32 பிட் லினக்ஸுக்கு வரும் வழக்கமான ஃபயர்ஃபாக்ஸும் 144ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. இருந்த காலத்திலும் ஒரு செய்தித் தளம் திறப்பதற்குள் காப்பி ஆறிவிடும். இப்போது அவர் வீட்டுப் பூஜை அறையில் காலையில் சுப்ரபாதம் போடுகிறது. அத்தைக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பட்டன்தான், அது போதுமாக இருக்கிறது.

டாலியில் கணக்கு எழுதுபவர்கள் என் வழிக்கு வராதீர்கள், அது விண்டோஸில்தான் ஓடும். கோரல் டிராவில் நோட்டீஸ் அடிப்பவர்களும் வராதீர்கள், அதற்கு லினக்ஸ் பதிப்பு இல்லை. எழுத்து, மின்னஞ்சல், பிரவுசர் என்ற மூன்றோடு பிழைப்பவருக்கு 2011 லேப்டாப் இன்றும் போதும் என்று தைரியமாகச் சொல்வேன்.

இப்போதைய தலைவலி கீபோர்டு. எஃப் எழுத்துப் பட்டன் தேய்ந்துபோய் மூன்று தடவைக்கு ஒரு தடவை விழுவதில்லை. தமிழ்99இல் அதுதான் புள்ளி. ரிச்சி தெருவில் அதே கடைக்குப் போய்க் கேட்டேன். லேப்டாப்பை ஒருமுறை பார்த்துவிட்டு, "இதையா இன்னும் வச்சிருக்கீங்க?" என்று சிரித்தார். இந்த மாடல் கீபோர்டு வந்தால் போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை மெய்ப்புப் பார்க்கும்போது முதல் சுற்று முழுக்க புள்ளி விழாத எழுத்துகளைத் தேடுவதிலேயே போகிறது.