பீடிக் கணக்குக்கு இன்ஸ்டான்சியோ: ரொம்ப நாள் பழகியபின் என் கருத்து

பாளையங்கோட்டையில் எங்கள் ஆபீஸ் சின்னது. முக்கூடல் பக்கத்துப் பீடிக் கடைகளுக்கான கணக்கு சாஃப்ட்வேர்தான் முக்கிய வேலை. யாருக்கு எவ்வளவு இலை, எவ்வளவு தூள் போனது, எத்தனை பீடி வந்தது, கழிவு எவ்வளவு, ஆயிரத்துக்கு என்ன கூலி, பிஎஃப் பிடித்தம் என்று ஒரு தொழிலாளியின் விவரங்களை வைத்திருக்கும் ஆப்ஜெக்டே நீளமாகப் போகும். கூலியைச் சோதிக்க ஒரு டெஸ்ட் எழுத உட்கார்ந்தால், அதற்குச் சம்பந்தமே இல்லாத பிறந்த தேதி, வங்கிக் கிளை எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்டிருக்க வேண்டும்.

இப்படி டெஸ்டுக்கான ஆப்ஜெக்டை ராண்டம் மதிப்புகளால் தானே நிரப்பித் தரும் ஜாவா லைப்ரரிகள் உண்டு. முதலில் அதில் ஈஸி ராண்டம் வைத்திருந்தோம். அது 2020-லேயே பராமரிப்பு மட்டும் என்ற நிலைக்குப் போய்விட்டது. அதோடு, சீடு எண்ணை (ராண்டம் மதிப்புகள் எதிலிருந்து உருவாகின்றனவோ அந்தத் தொடக்க எண்) நாமாக மாற்றாவிட்டால் எப்போதும் 123 தான், ஒவ்வொரு தடவையும் அதே மதிப்புகள், பேருக்குத்தான் ராண்டம்.

இப்போதுள்ள இன்ஸ்டான்சியோவும் அதே வேலைக்கான லைப்ரரிதான், அந்த வகையில் நிம்மதி. கிளாஸைக் கொடுத்தால் உள்ளே இருக்கிற லிஸ்ட் வரை நிரப்பித் தந்துவிடும், ஜாவா ரெக்கார்டும் அதற்குப் பிரச்சினையில்லை. டெஸ்டுகளை ஓட்டும் ஜேயூனிட்டுக்கான எக்ஸ்டென்ஷனைச் சேர்த்துவிட்டால் டெஸ்ட் ஃபெயில் ஆகும்போது எந்த சீடு என்று காட்டும். அதை அப்படியே டெஸ்டுக்கு மேலே எழுதும் சீடு அனொட்டேஷனில் (குறிப்பு) போட்டால் அதே மதிப்புகள் திரும்ப வரும். "என் மெஷின்ல ஓடுதே" என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் அது தானாகத் தருகிற மதிப்புகளை நம்பி உட்காரக் கூடாது. நாமாகக் கேட்காவிட்டால் நல் (null, அதாவது மதிப்பே இல்லாத நிலை) வராது. முழு எண் 1-லிருந்து 10,000-க்குள் வரும், பூஜ்யம் கிடையாது, அதாவது கழிவே இல்லாத நாள் எங்கள் டெஸ்டில் விடியவே விடியாது. இன்னொரு பக்கம், வரவு 40 பீடி, கழிவு 7,000 என்று வந்து நிற்கும்; கடை அண்ணாச்சியிடம் காட்டினால் சிரிப்பார். இரண்டு ஃபீல்டுக்கு நடுவே உள்ள உறவை இன்ஸ்டான்சியோவின் அசைன் என்ற வசதியைப் போட்டு நாம்தான் சொல்ல வேண்டும். அதைச் சொல்லி ஒரு மாடலாக (திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் அச்சு) வைத்துக்கொண்டு எல்லா டெஸ்டும் அதிலிருந்தே எடுக்கிறோம், பூஜ்யக் கழிவுக்கும் நல்லுக்கும் தனி டெஸ்ட்.

பெயர் விஷயம் அதைவிட மோசம். பெயர் போன்ற எழுத்து மதிப்பு, அதாவது ஸ்ட்ரிங் என்றால் அது தானாகத் தருவது 3 முதல் 10 வரை ஆங்கிலப் பெரிய எழுத்துதான். நம் ஊர் இசக்கியம்மாளை எடுத்துக்கொள்ளுங்கள், கண்ணுக்கு 8 எழுத்து, ஜாவாவின் லெங்த் 13 என்கிறது, ஏனென்றால் புள்ளியும் துணைக்காலும் அங்கே தனித்தனிக் கணக்கு. கூலிச் சீட்டில் பெயருக்கு 12 இடம் ஒதுக்கி வெட்டினால் கடைசிப் புள்ளி போய் 'இசக்கியம்மாள' என்று அச்சாகும். ராண்டம் பெயர் எத்தனை வருஷம் ஓடினாலும் இதைக் காட்டிக்கொடுக்காது. கொடுத்த பட்டியலிலிருந்து ஒன்றை எடுக்கும் ஒன்ஆஃப் வைத்து இசக்கியம்மாள், சுடலைமுத்து, பேச்சியம்மாள் என்று நிஜப் பெயர்களையே கொடுத்துவிடுங்கள். அப்புறம் இன்ஷியல் மட்டும் உள்ளவர்களுக்கு லாஸ்ட் நேம் காலி, அதையும் சேர்க்கணும்.

பெரிய ஆப்ஜெக்ட் உள்ள புராஜெக்டுக்குத் தாராளமாகப் போடலாம். நாலைந்து ஃபீல்டுதான் என்றால் கையாலேயே எழுதிக்கொள்ளுங்கள், படிக்கிறவருக்கும் அதுதான் சுலபம்.