கெட்டிக் களிமண்ணில் பீசோகோன்: ஆறு வருடப் பழக்கத்துக்குப் பிறகு

பீசோகோன் என்பது மண்ணுக்குள் அழுத்தி இறக்கும் கூம்புக் கருவி; முனையின் எதிர்ப்பையும் மண்ணின் நீரழுத்தத்தையும் அளக்கும். மென்மையான களிமண்ணில் அது சொல்வதை அதிகம் யோசிக்காமல் எடுத்துக்கொள்வேன். கெட்டிக் களிமண்ணில் அதை நம்பப் பழக எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

முதலில் குழப்பியது மைனஸ் எண்கள். கூம்பின் தோளுக்குப் பின்னால், திரவம் நிரப்பிய ஃபில்டர் வழியாக அளக்கும் நீரழுத்தம் (யு2) −40, −60 கிலோபாஸ்கல் என்று விழும். சென்சார் போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனால் முனையில் நசுங்கும் மண் தோளைத் தாண்டியதும் தளர்கிறது. ஒரு காலத்தில் பெரும் சுமை தாங்கி இறுகிய களிமண், வெட்டுப்படும்போது விரியவும் பார்க்கும். விரிகிற மண் நீரை இழுக்கும், அழுத்தம் இறங்கும். அதே ஆழத்தில் கூம்பின் முகத்தில் அளந்தால் பல நூறு கிலோபாஸ்கல் பிளஸில் வரும். இரண்டுக்கும் இடைவெளி சில சென்டிமீட்டர்தான்.

தலைவலி எங்கே என்றால், காற்று புகுந்த ஃபில்டரும் இதே முகத்தைத்தான் காட்டும். கூம்பை நிறுத்தி அழுத்தம் தணிவதைப் பார்க்கும்போது, இந்த மண்ணில் நல்ல ஃபில்டரிலேயே அளவு முதலில் ஏறி, உச்சம் தொட்டு, அப்புறம்தான் இறங்கும். குமிழ் உள்ள ஃபில்டரும் சோம்பலாக ஏறி இறங்கும். அந்த ஒரு கோட்டை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லக்கூடாது. மெல்லிய மணல் படலத்தைக் கடக்கும் இடத்தில் யு2 சட்டென்று துள்ளுகிறதா என்று பார்ப்பேன். துள்ளினால் ஃபில்டர் உயிரோடு இருக்கிறது. ஒரு தளத்தில் 7 மீட்டருக்குக் கீழே கோடு வழவழவென்று போனது; கூம்பு முனையின் எதிர்ப்பு மட்டும் ஏறி இறங்கியது. கழற்றிப் பார்த்தால் ஃபில்டருக்கு அடியில் கடுகளவு குமிழ். மேலே இருந்த உலர்ந்த மண்தான் ஃபில்டரின் திரவத்தை உறிஞ்சியிருக்கிறது. அன்றிலிருந்து அந்த அடுக்கை முன்கூட்டியே துளையிட்டு, துளையில் நீர் நிரப்பித்தான் இறக்குகிறேன். யு2 −100 கிலோபாஸ்கலை நெருங்கினாலும் குமிழ் பிறக்கும், அதற்குப் பிந்தைய அளவுகளைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

கூம்பின் பின்புறம் அழுத்தும் நீருக்காக எதிர்ப்பில் செய்யும் திருத்தத்தில் இந்த மைனஸ் பெரிதாக உறைக்காது: கூம்பின் பரப்பு விகிதம் 0.8, யு2 −50 என்றால் திருத்தம் (1−0.8)×50, வெறும் 10 கிலோபாஸ்கல்; எதிர்ப்போ சில மெகாபாஸ்கல். அடி வாங்குவது நீரழுத்த விகிதமும் (எதிர்ப்போடு ஒப்பிட்ட கூடுதல் நீரழுத்தம்) இறுக்கக் குணகமும்தான் (நீர் வெளியேறி மண் இறுகும் வேகத்தின் அளவு). விகிதம் சுழியத்தை ஒட்டியோ மைனஸிலோ வருவதால், அதை நம்பும் மண்வகை வரைபடம் களிமண்ணை மணல் பக்கம் தள்ளிவிடும். குணகத்துக்கு அழுத்தத்தை நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிராக வரைந்து, உச்சத்துக்குப் பின் வரும் நேர்கோட்டை நேரம் சுழியம் வரை பின்னோக்கி நீட்டுகிறேன். அது தொடும் அளவையே தொடக்க அழுத்தமாகக் கொண்டு பாதி தணிய ஆகும் நேரத்தைக் கணக்கிடுவேன்.

முழுதாகத் தணியும்வரை காத்திருப்பதை எப்போதோ விட்டுவிட்டேன். நிலையான நீரழுத்தத்தை அறியப் பக்கத்திலேயே தனியாக ஒரு பீசோமீட்டர் (நீரழுத்தத்தை மட்டும் அளக்கும் கருவி) பதித்துவிடுகிறேன்.